ரப்பர் சுற்றிய வாளிகள்

அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறப்பதற்கு முன்பே, அவன் சிகரெட் பிடித்ததால்தான் தீப்பற்றியது என்ற செய்தி தெருவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. வார்னிஷ் கம்பெனி வாசலில் நின்று மேனேஜர் சொன்னாராம். டீக்கடையில் அதற்குச் சர்க்கரை போட்டுக் கலக்கினார்கள். தையல் கடையில் ஓரம் அடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் வெயில் ஏறுவதற்குள், வாயில் சிகரெட்டோடு அவன் ஸ்பிரிட் பீப்பாய் மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்தவர்களே நாலைந்து பேர் முளைத்திருந்தார்கள்.

அவன் மனைவி ஒரு போர்வையும் மாற்றுத் துணியும் எடுத்துப்போக வீட்டுக்கு வந்தாள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய பஞ்சர்க் கடை. பழுது பார்க்க விட்டிருந்த சைக்கிள்களை உரியவர்களிடம் கொடுத்துவிடலாம் என்று பாதிக் கதவைத் திறந்தாள். முதலில் வந்தவர் ரொட்டிக்காரர். பின்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"என்ன இருந்தாலும் ஸ்பிரிட் பக்கத்துல போய் சிகரெட்டு பிடிக்கலாமாம்மா?"

"யாரு பிடிச்சா?"

"இல்ல... பேசிக்கிறாங்க."

"பேசுறவங்க வாயில புகை வருதான்னு பாத்தீங்களா? எங்க வீட்டுக்காரரு பக்கத்துல ஊதுவத்தி கொளுத்துனாலே இருமுவாரு. அவரு போய் சிகரெட்டு பிடிச்சாரா?"

"நான் சொல்லலம்மா. கம்பெனியில சொல்றாங்க. அவங்களுக்குத் தெரியாதா?"

"சைக்கிள எடுத்துட்டுப் போங்க. காசு வேணாம். அந்தப் பேச்சையும் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க."

ரொட்டிக்காரர் போய்விட்டார். பேச்சு போகவில்லை. அது கதவிடுக்கில் புகுந்து, தொங்கிக்கொண்டிருந்த ட்யூப்களுக்கிடையே சுற்றிச்சுற்றி வந்தது.

தெருவில் எல்லோருக்கும் அவள் பஞ்சர்க்காரி. அப்பா விட்டுப்போன கடை. ஒரு பெண் டயரைக் கழற்றுவதை வேடிக்கை பார்க்கவே ஆரம்பத்தில் ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறகு வேடிக்கை பழகிப்போய், வேலை மட்டும் நிலைத்தது. தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கி, குமிழி வரும் இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, ஒரு குழந்தையின் அழுகையை அடக்கியவள்போல அவள் நிமிர்ந்து பார்ப்பாள்.

அவனுக்குப் பட்டப்பெயர் சொட்டு. ஊற்றும்போது ஒரு சொட்டுகூடக் கீழே சிந்த மாட்டான் என்பதால் கம்பெனியில் வைத்த பெயர். தலைமுடி கொட்ட ஆரம்பித்தபோது, பெயர் வைத்தவன் முன்கூட்டியே பார்த்து வைத்திருக்கிறான் என்று அவள் கேலி செய்வாள்.

வார்னிஷுக்கு அரக்கைக் கரைக்க வேண்டும். கரைக்க ஸ்பிரிட் வேண்டும். குடிக்கிற சாராயத்தின் உடன்பிறப்பு, ஆனால் குடிக்க முடியாதபடி நஞ்சு கலந்தது. பெரிய இரும்புப் பீப்பாய்களில் வரும். பீப்பாயை மரச் சட்டத்தின் மேல் படுக்கவைத்து, வாயில் குழாய் மாட்டி, குழாயின் கழுத்தில் இரும்பு வாளியைக் கைப்பிடியால் தொங்கவிட வேண்டும். நிறைந்ததும் கழற்றித் தூக்கிப்போய், அரக்கு ஊறும் தொட்டியில் கவிழ்க்க வேண்டும். மறுபடி வந்து தொங்கவிட வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதுதான் சொட்டின் உலகம். வீட்டுக்கு வரும்போது அவன் சட்டையிலிருந்து எழும் இனிப்பான, தலையைச் சுற்றவைக்கும் வாசனையை அவள் கல்யாணமான புதிதில் ஏதோ தூரதேசத்துப் பூவின் வாசனை என்று நினைத்துக்கொண்டாள். அப்புறம் அது வெறும் தலைவலி.

முன்பு பீப்பாய்களுக்கு ஒரு கம்பி இருந்தது. சுவரில் பதித்த செப்புப் பட்டையிலிருந்து வந்து, பீப்பாயின் விளிம்பை ஒரு கிளிப்பால் கவ்வும். அங்கிருந்து இன்னொரு கம்பி வாளியைக் கவ்வும். கழற்றி மாட்டும்போதெல்லாம் விரலைப் பதம் பார்க்கும் என்பதால் அதற்குக் கடிநாய் என்று பெயர். எதற்காக அது என்று யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சரக்கு வாங்குகிற பெரிய இடத்து ஆட்கள் கம்பெனியைப் பார்க்க வருகிறார்கள் என்று சுவருக்கு வெள்ளையடித்து, தரைக்கு வழுவழுப்பான கல் பதித்தபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று மேனேஜர் கடிநாய்களைப் பிடுங்கச் சொன்னார். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். கம்பிகள் திரும்பி வரவில்லை. தொழிலாளிகளுக்கும் தொல்லை விட்டது என்றுதான் இருந்தது.

பிறகு காய்ந்த காற்று வந்தது. வருஷத்தில் சில மாதங்கள் அப்படி வீசும். உதடு வெடிக்கும். பிழிந்த துணி கொடியில் போடுவதற்குள் பாதி உலர்ந்துவிடும். தலை சீவினால் சீப்பு படபடவென்று பேசும். இருட்டில் கம்பளியை உதறினால் நுண்ணிய நட்சத்திரங்கள் தெறிக்கும். பஞ்சர்க்காரிக்கு அது பிடிக்கும். சின்ன வயதில் அதைப் பார்ப்பதற்காகவே தூங்காமல் படுத்திருப்பாள்.

அந்தக் காற்றில் ஒருநாள் சொட்டு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்:

"வாளியத் தொட்டா சுள்ளுனு அடிக்குது. கரண்டு மாதிரி."

"கரண்டு எங்க இருந்து வரும் வாளிக்கு?"

"தெரியலையே. எல்லாருக்கும் அடிக்குது. உன் நாத்தனார கேளு. காலைத் தேய்ச்சு நடந்து வந்து என் காதத் தொடுறா. சுளீர்ங்குது. கொட்டகையே அதுக்குச் சிரிக்குது."

அவன் தங்கையும் அதே கொட்டகையில்தான் வேலை பார்த்தாள். ஸ்பிரிட் வாசனை பட்டால் தும்மித் தீர்ப்பாள். அதனால் அவளுக்குத் தும்மல் என்று பெயர். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அண்ணன் மட்டும் யோக்கியமா அண்ணி? சாக்குல காலைத் தேய்ச்சுட்டு வந்து விரல என் மூக்குல வைக்குது. கரண்டு குடுக்குற விளையாட்டுன்னு பேரே வச்சாச்சு."

"மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?" என்று பஞ்சர்க்காரி கேட்டாள்.

"சொன்னேன். பனிக்காலத்துல எல்லா இரும்பும் அப்படித்தான், நீ என்ன புதுப்பொண்ணா, தொட்டாச் சிணுங்குறேன்னாரு."

அவன் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தாள். மெல்லிய கைப்பிடிக் கம்பி அறுத்து அறுத்து ஒரு தடம் விழுந்திருந்தது. ஷாக்கும் அடிக்கிறது, அறுக்கவும் செய்கிறது. அவள் மேலே பார்த்தாள். பழைய ட்யூப்கள் கொத்தாகத் தொங்கின.

"கரண்டு வேலை பாக்குறவங்க எதைப் பிடிச்சிட்டு வேலை பாக்குறாங்க? ரப்பரத்தான? நாளைக்கு வாளியக் கொண்டு வாங்க. சுத்தித் தர்றேன்."

கொண்டுவந்தான். ட்யூபை நாடாவாக வெட்டி, சொல்யூஷன் தடவி, இடைவெளி தெரியாமல் கைப்பிடி முழுக்க இறுக்கிச் சுற்றினாள். நல்ல வேலை. அடுத்த நாள் ஷாக் அடிக்கவில்லை. கையும் அறுபடவில்லை. மேனேஜர் வாளியைத் தூக்கிப் பார்த்து, "பேஷ். உன் பொண்டாட்டிக்கு இருக்குற மூளை உனக்கு இல்லையேப்பா. எல்லா வாளிக்கும் சுத்திக் குடுக்கச் சொல்லு" என்றாராம். அவளே ஒரு சாக்கு நிறைய ட்யூபோடு போய், கொட்டகை முற்றத்தில் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தாள். மேனேஜர் அவளுக்கு டீ வரவழைத்தார்.

காற்று மேலும் காய்ந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் இரண்டு கைகளையும் தோள் வரை துணியால் சுற்றி, நெஞ்சில் களிம்பு பூசி, மேலே வளைவான கூண்டு வைத்து மூடியிருந்தார்கள். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பழைய சொட்டு. புருவம் இல்லை. தும்மல் வராந்தாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தைய நாளிலிருந்து அவள் ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் சிரிச்சேன் அண்ணி."

"விடு."

"தீயே தெரியல. நல்ல வெயிலு, ஜன்னல் எல்லாம் திறந்திருக்கு. அந்தத் தீ பகல்ல கண்ணுக்குத் தெரியாது அண்ணி, தண்ணி மாதிரி இருக்கு. அண்ணன் வாளியக் கழட்டுனுச்சு. திடீர்னு கையத் தட்டுது, நெஞ்சத் தட்டுது, குதிக்குது. கரண்டு விளையாட்டுதான் காட்டுதுன்னு நெனச்சேன். நான் சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சோம். சட்டை கறுத்துச் சுருண்டப்புறம்தான்... தொட்டி கழுவுற தண்ணி இருந்துச்சு, தூக்கி ஊத்துனேன்."

"நீ ஊத்துனதாலதான் உயிரோட இருக்காரு. டாக்டர் சொன்னாருல்ல?"

"முன்னாடியே ஊத்தியிருப்பேன். சிரிச்சிட்டு நின்னேன்."

"சிகரெட்டு பிடிச்சாருன்னு சொல்றாங்களே, அதைக் கேட்டியா?"

தும்மலின் அழுகை அப்படியே நின்றது. "எவன் சொன்னான்?"

"மேனேஜர்."

"அந்தாளு அப்ப கொட்டகையிலயே இல்லையே!"

இதைக் கேட்டதும் பஞ்சர்க்காரிக்கு உட்கார முடியவில்லை. நர்சிடம் சொல்லிவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போனாள். சிகரெட் என்றால் ஒரு துண்டு இருக்கும், தீப்பெட்டி இருக்கும். அதை எனக்குக் காட்டு என்று கேட்பதுதான் அவள் எண்ணம்.

கொட்டகைக் கதவில் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே தீயணைப்பு அதிகாரி ஒருவர் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, அழுக்கான பூட்ஸ். மேனேஜர் பக்கத்தில் நின்றார். கூரையில் புகைபடிந்த ஓர் இடத்தைத் தவிர வெள்ளைச் சுவர்கள் வெள்ளையாகவே இருந்தன. ஒரு மனிதனை மட்டும் எரித்துவிட்டு, நாகரிகமாகக் கிளம்பிப்போன தீ.

"நான் அவரு சம்சாரம் சார். சிகரெட்டு துண்டு கிடைச்சுதா?"

அதிகாரி நிமிர்ந்தார். "சிகரெட்டா? யாரும்மா சொன்னது?"

"இவருதான்."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "அனுமானம்தான் சார். பொதுவா அப்படித்தான நடக்கும்."

அதிகாரி சுவரில் ஓர் இடத்தை விரலால் தடவினார். வெள்ளைக்கு அடியில் ஆணி அடித்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. "இங்க எர்த் கம்பி இருந்திருக்கே. எங்க அது?"

"பெயின்ட் அடிக்கக் கழட்டினோம் சார். மாட்டணும். ஆள் வரல."

"எப்ப கழட்டினது?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். புதுக் கல், பளபளத்தது.

அதிகாரி வாளியைக் காலால் புரட்டினார். கைப்பிடியில் கறுப்பாக உருகி ஒட்டியிருந்தது. "இது என்ன? ரப்பரா? குழாயில மாட்டுற கைப்பிடியில யாராவது ரப்பர் சுத்துவாங்களா?"

பஞ்சர்க்காரி குனிந்து அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள். "ஷாக் அடிக்காம இருக்க சார்," என்றாள் மெதுவாக. "ரப்பர்ல கரண்டு ஏறாதுல்ல?"

"வீட்டுக் கரண்டுக்கு ரப்பர் காவல்தாம்மா. இதுக்கு ரப்பர் எமன்." அவர் குரலில் கோபம் இருந்தது, ஆனால் அவள்மேல் இல்லை. "காத்து இப்படிக் காய்ஞ்சு கிடக்கும்போது ஸ்பிரிட் விழ விழ அதுலயே கரண்டு சேரும். சேர்றது தரைக்கு இறங்க ஒரு கம்பி வேணும். அது இல்லன்னாலும், வாளியும் குழாயும் இரும்போட இரும்பாத் தொட்டுக்கிட்டாவது இருக்கணும். நடுவுல ரப்பர் வந்துட்டா வாளி தனியாப் போயிடுது. அதுல சேர்ந்தது போக வழியில்லாம நிக்கும். வாளியக் கழட்டும்போது விளிம்பு குழாய்கிட்ட வரும், ஒரு பொறி தாவும். அவ்வளவுதான். வாளிக்கு மேல ஆவி தயாரா நிக்குது. அடிக்கிற ஷாக்கே எச்சரிக்கைம்மா. அன்னிக்கே வேலைய நிறுத்தியிருக்கணும்."

"யாரு சுத்தினது இத?" என்று அதிகாரி மேனேஜரிடம் திரும்பினார்.

"எங்களுக்குத் தெரியாது சார். இவங்களா ஏதாவது பண்ணிக்குவாங்க."

சொல்லிவிட்டு மேனேஜர் பஞ்சர்க்காரியைப் பார்த்தார். வெறும் பார்வை. அதில் டீயும் இருந்தது, பேஷும் இருந்தது, இப்போது ஒரு தாழ்ப்பாளும் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. தன் கைகளைப் பார்த்தாள். இடைவெளி தெரியாமல் சுற்றிய கைகள்.

கொட்டகையைத் திறக்கக் கூடாது என்றும், அவன் பேசும் நிலைக்கு வந்ததும் வாக்குமூலம் வாங்க ஆஸ்பத்திரிக்கு வருவதாகவும் சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

சில நாள் கழித்து மேனேஜர் கடைக்கே வந்தார். பையில் ஆரஞ்சுப் பழங்கள். அவள் ஒரு ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு துயரத்திலும் உலை வைக்க வேண்டியிருக்கிறதே.

"எப்படிம்மா இருக்கான்?"

"எரியுதுங்கிறாரு."

"எரியத்தான் செய்யும்." அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி மாதிரி நெனச்சுச் சொல்றேன். சிகரெட்டுன்னா அது கவனக்குறைவு. மனுஷன் தப்பு பண்ணுவான். முதலாளியும் மனசு இரங்கி ஏதாவது செய்வாரு. ரப்பருன்னு போனா விவகாரமே வேற. வெளியாள் ஒருத்தர் உள்ள வந்து கம்பெனி சாமானத்துல கை வச்சதாகிடும். போலீஸ் வரும். வெளியாள் யாரு? நீ."

"நீங்கதான எல்லாத்துக்கும் சுத்தச் சொன்னீங்க?"

"நானா? எப்போ?"

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அப்படி ஒரு வெள்ளையடித்த முகம். அவள் பிடித்திருந்த இடத்திலிருந்து கட்டைவிரல் நழுவி, குமிழிகள் கொப்பளித்துக்கொண்டு வந்தன.

"டீ வாங்கிக் குடுத்தீங்களே."

"வர்றவங்களுக்கு எல்லாம்தான் டீ குடுக்குறோம்." அவர் எழுந்தார். "யோசி. புருஷன் படுக்கையில, நீயும் உள்ள போயிட்டா வீட்ட யாரு பாக்குறது? அவன்கிட்டயும் சொல்லியாச்சு. அவன் புரிஞ்சுக்கிட்டான்."

அவர் போன பிறகுதான் கடைசி வார்த்தை அவளுக்கு உறைத்தது. பழப்பையைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. அவளுக்குள் இரண்டு பேர் சண்டை போட்டார்கள். நீதான் செய்தாய் என்றாள் ஒருத்தி. அது கெடுதல் என்று சொல்லிக்கொடுத்தவன் எவன் என்றாள் மற்றவள்.

சொட்டு விழித்திருந்தான். உதட்டை அசைத்தால் வெடித்த இடத்தில் ரத்தம் கசிந்தது. அவள் ஈரத்துணியால் ஒற்றினாள்.

"மேனேஜர் வந்தாரா?"

"ம்."

"என்ன சொன்னீங்க?"

"சிகரெட்டுன்னே இருக்கட்டும்."

"ஒரு நாளாவது வாயில வச்சிருக்கீங்களா அத?"

"இனிமே வச்சவன்தான்." சிரிக்கப் பார்த்தான், வலித்தது. "கேளு. எனக்கு ஆனது ஆயிடுச்சு. உன்ன இழுத்துட்டுப் போனா என்னால எந்திரிச்சுத் தடுக்கக்கூட முடியாது. கெட்ட பேருதான? வச்சுட்டுப் போறேன்."

"உங்க பேர வித்து என்னக் காப்பாத்துறீங்களா?"

"வித்தா என்ன? பெரிய பேரு. சொட்டு."

அவளுக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெந்துபோய்க் கிடக்கிற மனிதன், இவளைக் காப்பாற்றத் தன்மேல் பழியைப் போர்த்திக்கொள்கிறான். வேகாத மனிதர் ஒருவர் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறார். எந்த ஊர் நியாயம் இது? அப்படி ஏதாவது சொல்லித் திட்டலாம் என்று திரும்பியபோதுதான் வராந்தா காலியாக இருப்பதைக் கவனித்தாள்.

"உங்க தங்கச்சி எங்க?"

"வேலைக்குப் போயிருக்கா. பின்னாடி குடோன்ல மறுபடி ஆரம்பிச்சிட்டாங்களாம். ஒருத்தராவது சம்பாதிக்கணும்ல? எனக்குப் பதிலா அவதான் ஊத்துறா."

"எந்த வாளியில?"

அவனுடைய புருவமில்லாத கண்கள் மெல்ல விரிந்தன. சிகரெட்டுதான் காரணம் என்றால் ரப்பரில் தப்பே இல்லை. ரப்பரில் தப்பில்லை என்றால் எந்த வாளியையும் யாரும் மாற்றப்போவதில்லை. அது வரைக்கும் அவனும் யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

"போ," என்றான். "ஓடு."

ஆஸ்பத்திரி வாசலில் ரொட்டிக்காரர் காலித் தட்டோடு நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் சைக்கிளை வாங்கி ஏறிவிட்டாள். அவள் கையால் ஒட்டுப்போட்ட டயர், துரோகம் செய்யாமல் ஓடியது. எதிர்காற்று புடவையைப் பின்னால் இழுத்தது. கடைகள், கம்பங்கள், வெயில் எல்லாம் யாரோ கனவில் பார்த்துச் சொன்ன ஊர்போல வழுக்கிக்கொண்டு போயின. ஒரே ஒரு விஷயம்தான் நிஜமாக இருந்தது: கண்ணுக்குத் தெரியாத தீ, அதைப் பார்த்துச் சிரிக்கிற முகங்கள்.

காவல்காரர் தடுத்தார். "சம்பளம் கேட்டு வந்தியாம்மா? ஆபீஸ் அந்தப் பக்கம்."

"என் பொருள் உள்ள இருக்கு. எடுக்க வந்தேன்."

குடோனில் பீப்பாய்கள் வரிசையாக மரச் சட்டத்தில் படுத்திருந்தன. கம்பி எதுவும் இல்லை. மூன்றாவது பீப்பாயின் முன் தும்மல் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நின்றாள். குழாயின் கழுத்தில் வாளி தொங்கியது. கைப்பிடியில் கறுப்பு ரப்பர், இடைவெளியே இல்லாமல்.

"குழாய மூடு!" என்று பஞ்சர்க்காரி கத்தினாள். "வாளியத் தொடாத. குழாய மட்டும் மூடிட்டு வெளிய வா."

"அண்ணி? அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. மூடு முதல்ல!"

தும்மல் மூடினாள். பக்கத்துப் பீப்பாயில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எல்லாரும் மூடுங்க," என்றாள். "தீ சிகரெட்டால வரல. இந்த ரப்பரால வந்துச்சு. நான் சுத்துன ரப்பர். பொறி தாவுது. ஆபீசர் எனக்குச் சொன்னாரு, நான் உங்களுக்குச் சொல்லாம வாயை மூடிட்டு இருந்தேன்."

"ஷாக் அடிக்கக் கூடாதுன்னுதானக்கா சுத்துன?" என்றான் தொட்டி கிண்டுகிறவன், குழம்பிப்போய்.

"ஆமா. நல்லதுன்னுதான் சுத்துனேன். கெட்டதுன்னு தெரிஞ்சவன் எவனும் சொல்லல."

காலி வாளிகள் மூலையில் அடுக்கியிருந்தன. அவள் அவற்றை முற்றத்துக்குத் தூக்கிவந்து, தரையில் உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த கத்தியை எடுத்தாள். ஒட்டியது நன்றாக ஒட்டியிருந்தது. தன் வேலையின் நேர்த்தியை அவள் அன்றுதான் சபித்தாள். நாடா நாடாவாகச் சீவித் தள்ளினாள். கறுப்புச் சுருள்கள் காற்றில் உருண்டன.

மேனேஜர் ஓடிவந்தார். "யாரு இவள உள்ள விட்டது? என்ன பண்ற நீ?"

"நான் சுத்துனத நான் எடுக்கறேன்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" அவர் கையை உயர்த்தினார். "தன் வாயாலயே ஒத்துக்கிட்டா!"

"ஒத்துக்கல சார். சொல்றேன். ரெண்டும் ஒண்ணில்ல." அவள் கத்தியை நிறுத்தாமலே பேசினாள். "நான் சுத்துனேன். ஆமா. சுவத்துல இருந்த கம்பிய நான் பிடுங்கல. ஷாக் அடிக்குதுன்னு வந்து சொன்னவர, புதுப்பொண்ணான்னு நான் கேக்கல. ரப்பர்தான் காரணம்னு ஆபீசர் சொன்னத என்கூட நின்னு நீங்களும் கேட்டீங்க. கேட்டுட்டு அதே வாளிய இந்தப் பொண்ணு கையில குடுத்தீங்க. நான் தெரியாம செஞ்சேன். நீங்க?"

"ஆர்டர் நிக்குதும்மா. கம்பி மாட்ட ஆள் சொல்லியிருக்கு. அது வரைக்கும் கொஞ்சம் பாத்து ஊத்தினா ஒண்ணும் ஆகாது."

"அப்ப நீங்க பாத்து ஊத்துங்க."

குடோனுக்குள்ளிருந்து யாரோ பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மேனேஜர் திரும்பி, "குழாயத் திறங்கடா. போற வேலை போனதுதான். சொல்லிட்டேன்" என்றார். யாரும் நகரவில்லை. ஆனால் யாரும் வெளியேறவும் இல்லை. சம்பளத்தின் மேல் நிற்கிற கால்கள் அவ்வளவு சுலபமாக எடுபடாது. தொட்டி கிண்டுகிறவன் குழாயைப் பார்த்தான், மேனேஜரைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.

தும்மல்தான் முதலில் நடந்தாள். தன் பீப்பாயில் தொங்கிய நிறைந்த வாளியைத் தொடாமல், அதைச் சுற்றிக்கொண்டு வந்து, முற்றத்தில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அன்னிக்குச் சிரிச்சவங்க எல்லாம் வாங்க," என்றாள் உள்ளே பார்த்து. அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தொட்டி கிண்டுகிறவன் தன் போனை எடுத்து, "அந்த மீசைக்காரர் ஆபீசு எங்கக்கா இருக்கு?" என்று கேட்டான்.

அதிகாரி வந்து குடோனையும் பூட்டினார். மேனேஜரிடம் அவர் பேசியது வெளியே கேட்கவில்லை, ஆனால் நீண்ட நேரம் பேசினார். அங்கிருந்து எல்லோரும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேனேஜரும் வந்தார். வழி முழுக்க முதலாளியோடு போனில் பேசியபடி வந்தார்.

சொட்டின் கட்டிலுக்குப் பக்கத்தில் அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் தலையணையைச் சரிசெய்தாள். சொட்டு மேனேஜரைப் பார்த்தான். பிறகு அதிகாரியைப் பார்த்து, ஒப்புவிக்கிற பள்ளிப் பிள்ளையைப்போல ஆரம்பித்தான்.

"சார், நான்தான் சிகரெட்டு..."

"நான் சொல்லிட்டேன்," என்றாள் பஞ்சர்க்காரி.

"என்னன்னு?"

"நடந்தத."

அவன் கண்களை மூடிக்கொண்டான். "ஏன்டி? உன்னப் பிடிச்சுட்டுப் போயிட்டா?"

"போனாப் போறேன். ஜெயில்லயும் சைக்கிளு பஞ்சராகும்ல?"

தும்மல் சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் எழுப்பினாள். அதிகாரி மீசையைத் தடவிக்கொண்டார்.

"சிகரெட்ட விடுங்க. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாளி ஷாக் அடிக்குதுன்னு முதல்ல யார்கிட்ட சொன்னீங்க?"

"மேனேஜர்கிட்ட."

"அவர் என்ன செஞ்சார்?"

மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்தார். சொட்டு பேச உதட்டைப் பிரித்தான். வெடித்த இடத்தில் மறுபடி ரத்தம் துளிர்த்தது. அவள் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, முழுதாகச் சொன்னான்.

"ஒண்ணும் செய்யல சார். அப்புறம் வீட்டுக்கு வந்து இவகிட்ட சொன்னேன். இவ ஒருத்திதான் சார் ஏதாவது செஞ்சா."